ஆறு மில்லிமீட்டர்

பத்தாம் நம்பர் ஸ்பேனரில்
கடைசிக் கால் சுற்று.
சட்டென்று கைக்கு இளகிக் கொடுத்தது.
கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சிரித்தேன்.
நட்டோடு பாதி ஆணியும்
விரலிடுக்கில் வந்திருந்தது.

மீதிப் பாதி
என் ஈஎக்ஸ்5 எஞ்சினுக்குள்,
அலுமினிய விளிம்புக்குச் சமமாக,
ஈறோடு ஒடிந்த கடைவாய்ப் பல் மாதிரி.
பிடித்து இழுக்க ஒரு நுனி இல்லை.
சைலன்சர் குழாய் ஒற்றை ஆணியில்
தோள் இறங்கித் தொங்கியது.

ஆயர் ஈத்தாம் கடைக்காரன்
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
முன்னூறு வெள்ளி, நான்கு நாள்.
நான்கு நாள் வண்டி ஓடாவிட்டால்
யார் வீட்டுக் கோய்த்தியாவும் என் முதுகில் ஏறாது,
என் வீட்டுப் பானையில் அரிசியும் ஏறாது.

அதனால் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
படிக்கட்டுக்கு அடியில்,
குப்பைக் குழாய் ஓரம்,
பழைய அரிசிச் சாக்கு விரித்து உட்கார்ந்தேன்.

எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன்.
சுத்தியலால் தட்டினேன்,
தூங்குகிறவரை எழுப்புவதுபோல் முதலில்,
பிறகு அப்படி இல்லை.
டார்ச்சில் சூடேற்றி
மகளின் பிறந்தநாள் மெழுகுவத்தியைத் தொட்டு வைத்தேன்.
இளஞ்சிவப்பு மெழுகு உருகி
மயிரிழைப் பள்ளம் ஒன்றைத் தேடி
உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன்.
மெழுகு போனது. ஆணி வரவில்லை.

நடுவில் துளை போட்டு
எதிர்மரைக் குச்சி ஒன்றைச் செருகினேன்.
ஈசி அவுட் என்று டப்பாவில் போட்டிருந்தது.
பெயர் வைத்தவனை ஒருநாள் பார்க்க வேண்டும்.
திருகத் திருக
கைக்குள் மறுபடி அந்த இளக்கம்.
நிறுத்தினேன்.
இப்போது எனக்கு அதைத் தெரியும்.

சித்தியவானிலிருந்து அக்கா போன் அடித்தாள்.
பொம்பளைப் பிள்ளை, ராத்திரி பத்து மணிக்கு,
உனக்கென்ன மரை கழண்டுவிட்டதா?
கழண்டிருந்தால்
இந்நேரம் மேலே போய்ப் படுத்திருப்பேனே அக்கா.

மூன்றாம் மாடி ஹில்மி
இரும்புக் கேட் செய்கிறவன்.
தள்ளுவண்டியில் வெல்டிங் பெட்டியோடு இறங்கினான்.
பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னான்.
கீழ்வீட்டு கோர் சன்னல் கம்பி வழியே
மின்சாரம் தந்தார்,
பூப்பந்து ஆட்டத்திலிருந்து
தலையைத் திருப்பாமல்.

ஒடிந்த ஆணியின் மேல் புது நட்டை வைத்து
அதன் ஓட்டைக்குள் நெருப்பை இறக்கினான் ஹில்மி.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
சுவரில் எங்கள் நிழல்கள் நீலமாகத் துள்ளின.
மூன்றாவது துள்ளலில்
பட்டென்று கோர் வீடே அணைந்தது.

உள்ளே இருபதுக்குப் பத்தொன்பதாம்.
எனக்குத் தெரிந்த ஹொக்கியன் வசவெல்லாம் தீர்ந்து
தெரியாதவை வந்தன.
கைவிளக்கோடு வெளியே வந்தவர்
எங்களைத் திட்ட வாய் திறந்து
அப்படியே குனிந்தார்.

இருட்டில்
நட்டு மட்டும் செக்கச் செவேலென்று.
யாரும் பேசவில்லை.
சிவப்பு கறுத்து, கறுப்பு ஆறி,
கொசு மூன்று பேரையும் பங்கு போட்டது.

ஸ்பேனரை வைத்தேன்.
இடப்பக்கம் ஒரு நூல்.
வலப்பக்கம் அரை நூல்.
மறுபடி இடம்.
கிறீச் என்று ஒரு சத்தம்,
பல் நறநறக்கும் குழந்தையிடம் கேட்பது.
பிறகு சத்தமே இல்லை, சுற்று மட்டும்.

பதினாறு வருஷத் துருவைப் போர்த்திக்கொண்டு
என் உள்ளங்கையில் விழுந்தது.
இன்னும் சுட்டது. போடாமல் வைத்திருந்தேன்.
இதுக்கா என் டிவியை அணைத்தீர்கள் என்றார் கோர்,
விளக்கை இன்னும் கிட்டே பிடித்தபடி.

காலையில் புது ஆணியின் மரைக்கு
செம்புப் பசை தடவினேன்.
என்றோ ஒருநாள் இதைக் கழற்றப்போகும்
முகம் தெரியாத கைக்கு
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இடப்பக்க ஆணி
பாதி மரையில் நிற்கிறது.
பார்த்தேன்.
அதுவும் என்னைப் பார்த்தது.
அடுத்த மாதம்,
ஆட்டம் இல்லாத ராத்திரியாக.